சிரிப்பவர்களைப் பிடியுங்கள்: கேள்வி பதில்

பாலியல் வன்முறை நடக்காமல் தடுக்க ஊரும் பள்ளியும் என்ன செய்யலாம் என்று வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.

அக்கா, நான் கபடி கோச். பையன்கள் பெண்களைப் பார்த்து கமெண்ட் அடிக்கிறார்கள். திட்டினால் என் முன்னால் மட்டும் அடங்குகிறார்கள்.

தம்பி, அப்பா பேச்சைத் தட்டுகிற பையனும் கோச் பேச்சைக் கேட்பான். அமெரிக்காவின் சாக்ரமெண்டோ பகுதியில் 16 பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் சில பள்ளிகளில் வாரம் ஒருமுறை கோச்சே சில நிமிடம் பெண்களை மதிப்பது பற்றிப் பேசுவார். ஓராண்டு கழித்து, அந்தப் பையன்கள் காதலியிடம் முரட்டுத்தனம் காட்டுவதும், பிறர் தப்பாக நடக்கும்போது கூடச் சேர்ந்து சிரிப்பதும் மற்றப் பள்ளிகளைவிடக் குறைவாக இருந்தன. மும்பையிலும் கிரிக்கெட் கோச்சுகளை வைத்து 'பரிவர்த்தன்' என்ற பெயரில் இதை நடத்தினார்கள்.

கமெண்ட் அடித்தவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சிரித்தவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் சொன்னதுக்கு நீ ஏன் சிரிச்சே?" என்று கேளுங்கள். பதில் வராது, தரையைப் பார்ப்பான். அடுத்த வாரம் இன்னொருவனிடம் கேளுங்கள். சிரிக்க ஆள் இல்லாவிட்டால் கமெண்ட் அடிக்கிறவனுக்கு வாய் எழாது.

பெண்கள் உடையும் ஒரு காரணம்தானே?

இல்லை. கைக்குழந்தைகளும் பாட்டிகளும் பாதிக்கப்படுகிறார்கள்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனக்கு நடந்த பாலியல் தொல்லையை என்னிடம் சொல்லி அழுதாள். தலைமையாசிரியர் "பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி முடிக்கலாம்" என்கிறார்.

டீச்சர், பேசி முடிக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும்; மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. இன்றே குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் பேசுங்கள். அவளைத் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம்.

பேசி என்ன பயன் மேடம்? நாலு பேரைத் தூக்கில் போட்டால் பயம் வரும்.

போக்சோவில் 2019-இலேயே மரண தண்டனையைச் சேர்த்துவிட்டார்கள் சார். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, பாலியல் வல்லுறவு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள். சித்தப்பாவுக்குத் தூக்கு என்றால் எந்தக் குடும்பம் வாய் திறக்கும்?

(அதே நபர்) அப்படியானால் குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறீர்களா?

தண்டனை வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? தண்டனை வாங்கித் தர முதலில் புகார் வர வேண்டும். "குடும்ப மானம் போயிடும்" என்று பாட்டி வாயைப் பொத்தினால் புகாரே வராது. அந்தப் பாட்டியிடம்தான் நான் பேசப் போகிறேன். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பவர்களிடமும்தான்.

உடைக்கட்டுப்பாடு பற்றி...

மேலே சொல்லிவிட்டேன்.

வழக்குக்கு வக்கீல் வைக்கப் பணமில்லை.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு இலவசம். ஊரில் யாராவது பேசி முடிக்கலாம் என்றால் போகாதீர்கள்.

நாலு வயது மகன் மாமாவுக்கு முத்தம் தர மாட்டேன் என்கிறான். மாமா கோபித்துக்கொள்கிறார்.

தர வேண்டாம், விடுங்கள். "அவனுக்குப் பிடிக்கலை அண்ணா" என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். அண்ணனின் கோபத்தை நீங்கள் சமாளித்துக்கொள்ளலாம்.