ஆவி சும்மா வராது: கேள்வி பதில்

கேள்வி: இட்லிப் பானையைத் திறந்ததும் வெள்ளையாகக் கிளம்புகிறதே, அதுதானே நீராவி?

இல்லை தம்பி, நீராவி கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்ப்பது, வெளிக்காற்றில் குளிர்ந்து மறுபடி நீராகிவிட்ட பொடித் துளிகள். கெட்டில் கொதிக்கும்போது மூக்கைக் கவனியுங்கள். வாய்க்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே கொஞ்சம் இடம் வெறுமையாக இருக்கும். அசல் ஆவி அங்கேதான். விரலை விட்டுப் பார்க்க வேண்டாம், நான் ஒருமுறை விட்டிருக்கிறேன்.

கேள்வி: கொதிநீர், ஆவி இரண்டுமே 100 டிகிரிதானே சார்? ஆவி பட்டால் மட்டும் ஏன் அவ்வளவு புண்?

ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுவர சுமார் 100 கலோரி போதும். கொதித்த பிறகு அது முழுக்க ஆவியாக இன்னும் 540 கலோரி வேண்டும். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், தெர்மாமீட்டர் அசையாது. பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது. ஆவி தோலில் பட்டு நீராகும்போது அந்த 540ஐயும் அங்கேயே இறக்கிவிடுகிறது. அப்புறம்தான் கொதிநீராகச் சுடவே ஆரம்பிக்கிறது.

கேள்வி: சித்திரையில் ஜில்லென்று இருந்த மண்பானைத் தண்ணீர் ஐப்பசியில் அப்படி இல்லையே?

மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம். பானையில் கசியும் நீர் ஆவியாகப் போகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மழைக்காலக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் மெதுவாகத்தான் ஆவியாகும்.

கேள்வி: ஊட்டிக்கு மாற்றலாகி வந்தோம். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது.

2,200 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும். குக்கரில் வையுங்கள் அம்மா.

கேள்வி: டப்பாவில் கற்பூரம் தானாகக் குறைகிறது, உருகின தடயமே இல்லை.

உருகாமலே நேராக ஆவியாகிறது. பதங்கமாதல் என்பார்கள். மூடியின் உள்பக்கம் பாருங்கள், போனதில் கொஞ்சம் வெள்ளைப் படிகமாக ஒட்டியிருக்கும். மிளகு போட்டு வைப்பவர்கள் உண்டு, எனக்கு நம்பிக்கை இறுக்கமான மூடியில்தான்.

கேள்வி: தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் வற்றாமல் முத்து முத்தாக ஓடுகிறதே?

கல் மிகையாகக் காய்ந்துவிட்டது. துளியின் அடிப்பக்கம் சட்டென்று ஆவியாகி மெத்தை போலத் தாங்குகிறது. கல்லைத் தொடாததால் சூடு ஏறுவது தாமதமாகிறது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756இல் இதை விவரமாக எழுதினார். அந்தச் சூட்டில் மாவு ஊற்றினால் கரண்டியோடு சுருண்டு வரும். தீயைத் தணித்து, தண்ணீர் 'சுர்'ரென்று அடங்கினதும் ஊற்றுங்கள்.