எந்தப் பட்டி, எந்த இடைவெளிக்கு?

கேள்வி: 2025 செப்டம்பரில் சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்ததைப் பார்த்த பிறகு, 1/72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஒரு மிக்-21 பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கினேன். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. ட்யூபில் வரும் சாம்பல் நிறப் பட்டியை (இடைவெளி அடைக்கும் புட்டி) வைத்தேன். மறுநாள் நடுவில் குழி விழுந்திருந்தது. தேய்த்ததில் பக்கத்துப் பேனல் கோடுகளும் (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் நுண்கோடுகள்) அழிந்துவிட்டன. எந்தப் பட்டி வாங்கலாம்?
- வாசகர், ஈரோடு

பதில்: ட்யூப் பட்டியில் இருக்கும் கரைப்பான் ஆவியாகப் போகப் போக, பட்டி சுருங்கும். மேலே தோல் கட்டிவிடும், உள்ளே இளகியே கிடக்கும். மயிரிழைக் கோடு, கீறல் இவற்றுக்கு அது அருமையான சரக்கு. நகம் நுழையும் பிளவுக்கு ஆகாது. தடிமனாக அப்பினால் அந்தக் கரைப்பான் அடியிலுள்ள பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும்.

எந்தப் பட்டி என்பதற்கு முன், இடைவெளி எவ்வளவு ஆழம், அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்பிட்பயர் போல இறக்கை மேல்நோக்கிச் சாய்ந்த விமானமென்றால், டேப் போட்டு இரண்டு நுனிகளையும் மேலே இழுத்துக் கட்டினாலே பிளவு மூடிவிடும். மிக்-21 அப்படியல்ல. அதன் இறக்கை நுனி சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். மேலே இழுத்தால் விமானத்தின் முகமே மாறிப்போகும். ஆகவே மெல்லிய ஸ்டைரீன் (கிட்டின் அதே பிளாஸ்டிக்) தாளைக் கீற்றாக நறுக்கிப் பிளவுக்குள் செருகி, டாமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் என்ற மாடல் பசையைத் தொட்டு ஒட்டிவிடுங்கள். நன்றாக இறுகியதும் மட்டமாக வெட்டுங்கள். பெரும்பாலான இடைவெளியைப் பிளாஸ்டிக்கே அடைத்துவிடும், அது சுருங்காது.

மிச்சமிருக்கும் கோட்டுக்கு மில்லிபுட் சூப்பர்பைன் ஒயிட் என்ற, இரண்டு குச்சிகளாக வரும் எபாக்சி பட்டியைப் போடச் சொல்வேன். இரண்டு குச்சிகளிலும் சம அளவு கிள்ளி, நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, நூல்போல் உருட்டி மூலையில் வையுங்கள். நனைத்த விரலாலோ பஞ்சுக் குச்சியாலோ இழுத்து வழித்தால் இறக்கை மூலை வழவழப்பாக வரும். இரவு முழுக்க இறுகட்டும். தேய்க்க வேண்டிய வேலையே இல்லை என்பதால் பேனல் கோடுகள் பிழைக்கும். இதற்காகவே நான் அதை இவ்வளவு விரும்புகிறேன்.

கடைசி நூலிழைக் கோட்டுக்கு மிஸ்டர் சர்பேசர் 500 என்ற திரவப் பூச்சைத் தூரிகையால் தடவுங்கள். காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தால், வழிந்தது மட்டும் போய் கோட்டுக்குள் இருப்பது நிற்கும். ஆல்கஹால் ஸ்டைரீனை ஒன்றும் செய்யாது.

உடலின் முதுகுப் பக்க மூட்டு வேறு கதை. அங்கே அழிந்த பேனல் கோட்டை மறுபடி கீற வேண்டியிருக்கும். மென்மையான பட்டியில் ஊசி கோணிப் போகும், ஓரம் உதிரும். அதற்குச் சூப்பர் க்ளூதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் 600 எண், பிறகு 1000 எண் வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்துவிடுங்கள். ஒரு நாள் விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, க்ளூ அப்படியே நிற்க, சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும்.

கேள்வி: கார் பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி, கூடவே பிசைந்து ஒட்டும் எம்-சீல், இவை போதாதா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: என்.சி. பட்டியும் கரைப்பானில் காய்கிற சரக்குதான். மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது என்று வைத்தால் பயன்படும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். எம்-சீல் சுருங்காது, ஆனால் நயம் போதாது. நுண்ணிய மூட்டில் அழகு வராது. மாடல் வால் பக்கம் சாயாமலிருக்க மூக்குக்குள் வைக்கும் ஈய எடையைப் பொருத்த அதை நம்பலாம். சுவருக்குப் பூசும் ஒயிட் சிமென்ட் பட்டி வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கைப் பிடிக்காது.

கேள்வி: விமானி அறைக் கண்ணாடியைச் சுற்றி?
- மாணவர், தஞ்சாவூர்

பதில்: அங்கே ட்யூப் பட்டியும் சூப்பர் க்ளூவும் கூடாது. ஒன்று கண்ணாடியில் வெடிப்பு விழவைக்கும், மற்றது புகைபோல வெள்ளையாகப் படியும். வல்லேஹோ பிளாஸ்டிக் புட்டி போன்ற அக்ரிலிக் பட்டியை மெல்லிய கோடாக வைத்து, ஈரம் இருக்கும்போதே நனைத்த பஞ்சால் துடையுங்கள்.