கல்லைத் துடைத்தால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 38. சேலம் அம்மாபேட்டையில் கூட்டுக்குடும்பம். பல வருடமாக ரத்தசோகை, வயிற்று உப்புசம். இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு விழுங்கியும் ஏறவில்லை. 14 மாதங்களுக்கு முன்பு எண்டோஸ்கோபி செய்து, குடல் சதையை எடுத்துப் பார்த்து, சீலியாக் நோய், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என் குடலுக்கு ஆகாது என்றார்கள். அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதையும் தொடுவதில்லை. முதல் ஆறு மாதத்தில் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் டிடிஜி எதிர்ப்புப் புரத அளவு பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு அப்படியே நிற்கிறது. ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்பதால் ராத்திரியில் எல்லோருக்கும் சப்பாத்திதான். போட்டு முடித்ததும் கல்லைத் துடைத்துவிட்டு எனக்கு இரண்டு தோசை ஊற்றிக்கொள்வேன். மற்றபடி பத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அரிசியும் ஒத்துக்கொள்ளவில்லையோ? வேலூருக்குப் போய்ப் பார்க்க வேண்டுமா? 12 வயது மகளும் வெளிறிப்போய் இருக்கிறாள், வளர்த்தியும் போதவில்லை. அவளுக்கும் இதுதான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் இன்னும் பரிசோதனைக்கு அழைத்துப் போகவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: அரிசி மேல் பழி போடாதீர்கள். இந்த நோயில் குடலைப் புண்ணாக்கும் குளூட்டன் இருப்பது கோதுமை, பார்லி, ரை என்ற வெளிநாட்டுத் தானியம் ஆகிய மூன்றில்தான். வேலூருக்கும் இப்போது பஸ் ஏற வேண்டாம். நீங்கள் தேடும் காரணத்தை உங்கள் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அதுவும் போகிறபோக்கில். "கல்லைத் துடைத்துவிட்டு எனக்கு இரண்டு தோசை ஊற்றிக்கொள்வேன்."

எந்தத் துணியால் துடைக்கிறீர்கள்? சப்பாத்திப் பலகையில் சிதறிய மாவை வழித்த அதே துணியால்தானே? அப்படியென்றால் மாவை எடுத்தீர்களா, தேய்த்துப் பரப்பினீர்களா? இரும்புக் கல்லில் எண்ணெய் ஏறி ஏறி ஒரு கறுப்புப் படிவு பிடித்திருக்கும். அதுதான் தோசை ஒட்டாமல் வருவதற்குக் காரணம். சப்பாத்தியில் இருந்து உதிர்ந்த மாவும் அந்தப் படிவில்தான் அடைந்துகொள்ளும். துணி அதை எட்டாது. சோப்பு போட்டுத் தேய்த்தால் படிவே போய்விடும் என்பதால் இரும்புக் கல்லை யாரும் அப்படித் தேய்ப்பதும் இல்லை. 'அடுப்பில் காய்ந்த கல்லில் என்ன மிஞ்சும்?' என்று நினைத்திருப்பீர்கள். குளூட்டன் கிருமி அல்ல, சூட்டில் சாவதற்கு. அது ஒரு புரதம். சமையல் சூடு அதை ஒன்றும் செய்யாது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு நாளைக்குத் தாங்கக்கூடியது ஏறக்குறைய 10 மில்லிகிராம் குளூட்டன். தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் உறிஞ்சிகள் தேய ஆரம்பிப்பது ஆய்வில் தெரிந்த விஷயம். கோதுமை மாவின் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், அந்த 50 மில்லிகிராம் கால் டீஸ்பூன் மாவுக்குள் அடங்கிவிடும். உங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு அடுப்பு மேடையில் எத்தனை டீஸ்பூன் மாவு சிந்திக் கிடக்கிறது?

கோதுமையைத் தொடுவதில்லை என்கிறீர்கள். பிசைவது யார்? உருட்டும்போது தொட்டுக்கொள்ளும் வறட்டு மாவு பறந்து, பக்கத்தில் திறந்திருக்கும் சட்னிக் கிண்ணத்திலும் மாவுப் பாத்திரத்திலும் இறங்குகிறது. சுட்ட சப்பாத்தி மேல் நெய் தடவிய கரண்டி மறுபடி நெய்க் கிண்ணத்துக்குள் போகிறது. அந்த நெய்யைத்தான் உங்கள் தோசையைச் சுற்றி விடுகிறீர்கள். மாவுக் கையோடு உப்பு ஜாடியைத் திறக்கிறீர்கள். சப்பாத்தியைத் திருப்பிய தோசைத்திருப்பி உங்கள் தோசையையும் திருப்புகிறது. வாயில் ஒரு துண்டுகூடப் போடாமலே தினசரி கோதுமை சாப்பிட்டு வருகிறீர்கள். முதல் ஆறு மாதத்தில் டிடிஜி பாதியாக இறங்கியது வாய்க்கட்டுப்பாட்டால். மீதிப் பாதி இறங்காமல் நிற்பது இந்த அடுப்பு மேடையால்.

இந்த நோய் பற்றி வரும் கடிதங்களில் பத்துக்கு எட்டு பெண்கள் எழுதுவது. அவர்களில் அநேகமாக எல்லோரும், வீட்டார் சாப்பிட்ட பிறகு தனக்கென்று எதையோ தனியாகச் செய்துகொள்கிறவர்கள். எல்லோருக்கும் போட்டு முடித்துக் கடைசியில் உட்காருவதைப் பண்பு என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் மதிப்பில்லை. அதிலும் உங்களுக்கு அது பண்பே அல்ல, தினசரி நஞ்சு. ஹீமோகுளோபின் 9-இல் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் ஒரு பெண், குடும்பத்துக்குச் செய்யும் கடமை என்ன? முதல் கடமை அவள் படுத்துவிடாமல் இருப்பது. உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு கடமை இருக்கிறது. அதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை போலிருக்கிறது. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

ஐயா, சர்க்கரைக்குச் சப்பாத்தி மருந்து அல்ல. 30 கிராம் மாவில் போட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மூன்று சாப்பிட்டால் 60 கிராம். அளவான ஒரு கப் சோற்றில் இருப்பது நாற்பது சொச்சம்தான். சப்பாத்தியில் சர்க்கரை குறைகிறது என்றால், மூன்றோடு எண்ணி நிறுத்திக்கொள்வதுதான் பாதிக் காரணம். அந்த எண்ணிக்கையை மற்றதிலும் கடைப்பிடிக்கலாம். இரண்டு கேழ்வரகு ரொட்டி, இல்லை கடலைப்பருப்பும் துவரையும் தூக்கலாகப் போட்ட இரண்டு அடை, கூடவே ஒரு கிண்ணம் பொரியல். சேர்வராயன் மலையில் விளையும் சாமையில் உப்புமாவும் கிண்டலாம். சாப்பாட்டை மாற்றும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு, முதல் பத்து நாள் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா, மறுபடி உங்களிடம் வருகிறேன். உங்கள் மாமியார் கல்யாணமாகி வந்த காலத்தில் இந்த வீட்டில் ராத்திரிக்குச் சப்பாத்தியா போட்டார்கள்? கேட்டுப் பாருங்கள். நேற்று வந்த பழக்கம் அது. ஆறு மாதம் கோதுமை மாவு டப்பாவே வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் என் தீர்ப்பு. ஆனால் டப்பாவை இன்றைக்கே வெளியேற்ற வேண்டாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

'வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்று அடுத்த கடிதம் வரும். வரட்டும். அப்படியானால் முறையை மாற்றுங்கள். முதலில் உங்கள் சமையல். அதை முடித்து, மூடி, மேடையை விட்டு எடுத்த பிறகுதான் கோதுமை மாவு வெளியே வர வேண்டும். பிசைவதும் உருட்டுவதும் வேறு யாராவது. உங்களுக்கென்று புதுத் தோசைக்கல், தோசைத்திருப்பி, சல்லடை, மரக்கரண்டி, துணி, ஒரு சின்ன நெய் டப்பா. கல்லின் பிடியில் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். எவர்சில்வரும் கண்ணாடியும் சோப்பு போட்டு நன்றாகக் கழுவினால் பொதுவாக இருக்கலாம். இரும்பு, மரம், கீறல் விழுந்த நான்ஸ்டிக், சல்லடை இவற்றில் பங்கு கூடாது. சல்லடைக் கண்ணில் மாட்டிய மாவைக் கழுவி எடுத்தவர் எவரும் இல்லை. பூரி பொரித்த எண்ணெயில் உங்களுக்கு அப்பளம் பொரிக்கக் கூடாது.

அடுத்து மில். அரிசி மாவும் கேழ்வரகு மாவும் மாவு மில்லில்தான் அரைக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு முன்னால் நின்றவர் கூடையில் என்ன இருந்தது? ரேஷன் கோதுமையாக இருந்தால் உங்கள் மாவின் முதல் இரண்டு படி அவருடையதும் சேர்ந்ததுதான். காலையில் முதல் ஆளாகப் போனாலும் முந்தின நாள் மாவு உள்ளே ஒட்டியிருக்கும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து வடித்து, துணியில் நிழலில் பரப்பி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும் ஆனால் ஒட்டாது என்ற பதத்தில் மிக்ஸியில் அரைத்துப் புதுச் சல்லடையில் சலியுங்கள். ஈரமாவு என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும். கேழ்வரகையும் சாமையையும் லீ பஜாரில் முழுத் தானியமாக வாங்கி, வெள்ளைத் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். மூட்டையில் கோதுமை மணி கலந்து வருவது சாதாரணம். கழுவிக் காயவைத்த கேழ்வரகை மிக்ஸியில் அரைத்தால் மாவு கொஞ்சம் நறநறவென்றுதான் இருக்கும், இரண்டு தரம் சலிக்க வேண்டும். ஜவ்வரிசி நம் ஊர்ச் சரக்கு, மரவள்ளிக் கிழங்கில் வருவது. அதில் பயமில்லை.

மளிகை அலமாரியையும் ஒருமுறை கீழே இறக்குங்கள். பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா? கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கிறார்கள். பாதி பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று வேளையும் அது போகிறது. கோந்தும் அரிசி மாவும் மட்டும் சேர்த்தது கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் பெருங்காயம் இல்லாமலே தாளியுங்கள். மால்ட் பானங்களில் பார்லி உண்டு, உடம்பு தேறட்டும் என்று யாராவது கலக்கிக் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிடாதீர்கள். கடைச் சத்துமாவில் கோதுமை இருக்கும். பாக்கெட்டில் வரும் கேழ்வரகு சேமியாவிலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சோயா சாஸில் கோதுமை. சாதாரண ஓட்ஸ் கோதுமையோடு ஒரே ஆலையில் புழங்குவது, தொடாதீர்கள்.

வெளியில் தட்டுவடை செட் சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. சேலத்துக்காரர், சாப்பிடாமல் இருக்க மாட்டீர்கள். தட்டை அரிசி மாவுதான் என்பார்கள், மொறுமொறுப்புக்கு மைதா கலப்பவர்களும் உண்டு. கலக்காவிட்டாலும் சமோசா பொரிந்த எண்ணெயில் பொரிந்திருக்கலாம். வீட்டில் தட்டிப் பொரித்து, பீட்ரூட்டும் கேரட்டும் துருவி, இரண்டு சட்னியும் அரைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் அம்மனுக்கு ஊற்றும் கூழை, மாவு எந்த மில்லில் அரைத்தது என்று தெரிந்தால் மட்டும் குடியுங்கள். தெரியாவிட்டால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அம்மன் கோபிக்க மாட்டாள்.

இதையெல்லாம் சரிசெய்த நாளைக் குறித்து வைத்து, ஆறு மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் டிடிஜி பாருங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவுகோல் மாறும், ஒப்பிட முடியாது. கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்பின் இருப்பைக் காட்டுவது), பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, தைராய்டு. இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம். குடல் ஆறினால்தான் அது உறிஞ்சப்படும், இத்தனை வருடம் ஏறாததற்கு அதுதான் காரணம். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் செய்யவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். அப்போதும் டிடிஜி அசையவில்லை என்றால் குடல் மருத்துவரைப் பார்க்க வேலூருக்குப் போங்கள், நானே போகச் சொல்கிறேன்.

இனி மகள். நோயைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து பரிசோதிக்காமல் இருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பரிசோதித்தால் வராத நோய் வந்துவிடப் போவதில்லை. தென்னிந்தியாவில் இந்த நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனால் தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. வெளிறிய முகமும் குட்டை வளர்த்தியும் அதற்கு மேல் ஒரு மணி அடிக்கின்றன. 12 வயது என்றால் உயரம் கூடுவதற்கு இன்னும் கொஞ்ச வருடம்தான் மிச்சம். உங்கள் பயத்துக்காக அவள் காத்திருக்க முடியாது.

டிடிஜி-ஐஜிஏ பரிசோதனையோடு மொத்த ஐஜிஏ (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) அளவையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். சிலருக்கு உடலில் ஐஜிஏ-வே குறைவாக இருக்கும், அவர்களுக்கு நோய் இருந்தாலும் முதல் பரிசோதனை இல்லை என்று காட்டும். இன்னொன்று, ரத்தம் கொடுக்கிற நாள் வரை அவள் வழக்கம்போலக் கோதுமை சாப்பிட வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் அளவு இறங்கி, நோய் மறைந்துகொள்ளும். டப்பாவை இன்றைக்கே வெளியேற்ற வேண்டாம் என்றது இதற்குத்தான். திங்கட்கிழமை மகளுக்கு ரத்தம் எடுங்கள். முடிவு வரும்வரை அவளுக்குச் சப்பாத்தி போடட்டும், நீங்கள் பிசையாதீர்கள். 'இல்லை' என்று வந்தால் அன்றைக்கே மாவு டப்பாவைக் கொடுத்துவிடலாம், சில வருடம் கழித்து அவளுக்கு மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். 'இருக்கிறது' என்று வந்தால் எண்டோஸ்கோபி முடியும் வரை அவள் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். உங்கள் தம்பி தங்கைகளுக்கும் போன் போட்டு, அவர்களையும் இதே பரிசோதனை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.