கோர்ஸ் வாங்குமுன் இலவச வீடியோவைப் பாருங்கள்

கேள்வி: ஈரோட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் ஐந்து வருடமாக பிஎச்பி என்ற நிரல் மொழியில் வெப்சைட் செய்கிறேன். வேலை ஓடுகிறது. ஆனால் நான் எழுதிய கோட் ஆறு மாதம் கழித்து எனக்கே புரிவதில்லை. நல்ல பழக்கங்களைக் கற்க ஆன்லைன் கோர்ஸ் தேடினேன். ஒன்று யூடெமி தளத்தில் 499 ரூபாய், இன்னொன்று மாதத் தவணையில் 60,000 ரூபாய். எதில் சேரலாம்?

பதில்: 60,000 ரூபாய் இப்போது வேண்டாம். தவணை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். கோர்ஸ் பிடிக்காமல் பாதியில் நின்றாலும் கடன் நிற்காது.

499 ரூபாய் கோர்ஸையும் உடனே வாங்கிவிடாதீர்கள். யூடெமியில் தள்ளுபடி அடிக்கடி வரும், அதனால் ‘இன்றே கடைசி’ என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அங்கே சில பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம். அவற்றில் டேட்டாபேஸ், லாகின் பற்றிய பகுதி இருந்தால் முதலில் அதைத் திறங்கள். டேட்டாபேஸோடு இணைக்கும் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களைச் சொல்லித் தருகிறார்களா? அவை 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன. பாஸ்வேர்டை எளிதில் உடைக்கக்கூடிய எம்டி5 என்ற பழைய முறையில் மாற்றிச் சேமிக்கச் சொல்கிறார்களா? அதைவிடப் பாதுகாப்பான வழி 2013-இல் வந்த பிஎச்பி 5.5-இலிருந்தே மொழிக்குள் இருக்கிறது. பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையான கொயரியோடு ஒட்டினால், அந்நியர் தம் கட்டளையை உள்ளே நுழைக்கும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்குக் கதவைத் திறந்து வைத்தது போல. கொயரியையும் பயனர் தருவதையும் தனித்தனியாக அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் முறையைச் சொல்லித் தராத கோர்ஸ் இலவசமாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். கெட்ட பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அப்புறம், உங்கள் சிக்கலே வேறு. கோட் புரியாமல் போவது வீடியோ பார்த்துத் தீராது. வேறொருவர் அதைப் படித்து, ‘இந்த ஃபங்ஷன் நாலு வேலை செய்கிறதே, பிரித்து எழுதுங்கள்’ என்று சொல்ல வேண்டும். எக்ஸர்சிசம் தளத்தில் பிஎச்பி பயிற்சிகள் இருக்கின்றன. தன்னார்வலர்கள் உங்கள் விடையைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள். கட்டணம் கிடையாது. கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் ‘கிட்’ கருவியை அலுவலகத்தில் பயன்படுத்தாவிட்டால் அதையும் இந்த வாரமே தொடங்குங்கள். எதை, ஏன் மாற்றினீர்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதினாலே ஆறு மாதக் குழப்பம் பாதி குறையும்.

ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு, பிறகும் தேவைப்பட்டால் 499 ரூபாய் கோர்ஸை வாங்குங்கள். வாங்கியதும் பணம் திரும்பப் பெறும் விதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யூடெமியில் பெரும்பாலான கோர்ஸ்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் பெரும்பகுதியைப் பார்த்து முடித்திருந்தால் மறுக்கலாம். எனவே முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். எங்கே வாங்கினாலும் சரி, விதிப்படி வர வேண்டிய பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.