நினைவு நாளில் என்ன பேசுவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என்னோடு பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவன் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தான். போன வருடம் சியாச்சினில் பனிச்சரிவில் சிக்கி இறந்துபோனான். வயது 24. முதலாண்டு நினைவு நாள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியதை இணைத்திருக்கிறேன். கவிதையாகப் படித்தால் நன்றாக இருக்குமா? இன்னொன்று. "சண்டையில் சாகவில்லையே, இது எப்படி வீரமரணம்?" என்று ஊரில் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் அம்மா முன்வரிசையில் இருப்பார்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கவிதையோ உரையோ, எது கைக்கு வருகிறதோ அதில் எழுதுங்கள். அது ஒரு விஷயமே இல்லை.

அனுப்பியதைப் படித்தேன். "தாய்மண் காக்கத் தன்னுயிர் ஈந்த தியாகச் சுடரே" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் போகிறது. அதில் உங்கள் நண்பன் எங்கே இருக்கிறான்? பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தச் சிப்பாயின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். அவனைப் பார்த்தே இராத ஒரு தலைவர் வந்து இப்படிப் பேசிவிட்டுப் போகலாம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்த நீங்கள் பேசக் கூடாது. கோபமாகத்தான் சொல்கிறேன்.

சண்டையில் சாகவில்லை என்றவருக்கு வருகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கப்போய் இறந்தான் என்கிறது கல்வெட்டு. பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 1,400 வருடம் ஆகிவிட்டது. அவன் யார், எதைக் காத்தான், கூட யார் நின்றது, எல்லாம் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. ராஜாக்களின் போரில் விழுந்தவனுக்குத்தான் கல் என்று அந்த ஊர் நினைக்கவில்லை. வேறு ஊர்களில் புலியோடு போராடி இறந்தவனுக்குக் கல், பன்றியோடு போராடி இறந்தவனுக்குக் கல். ஊருக்காக ஓர் இடத்தில் நின்றான், அங்கேயே இறந்தான், அது போதும் அவர்களுக்கு. உங்கள் ஊர்க்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

நாயின் பெயரைக்கூட விடாமல் கல்லில் வெட்டி வைத்த மண்ணில்தான், இன்று ஃபிளெக்ஸ் பேனரில் இறந்தவன் படத்தைவிட வைத்தவர்கள் படம் பெரிதாக இருக்கிறது. இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

சியாச்சினில் 1984-இலிருந்து நம் வீரர்கள் நிற்கிறார்கள். அங்கே குண்டுபட்டு இறந்தவர்களைவிடப் பனியிலும் குளிரிலும் இறந்தவர்கள்தான் அதிகம். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சுமார் 19,600 அடி உயரத்தில் சோனம் காவல்சாவடி மேல் பனிச்சரிவு விழுந்தது. புதைந்தவர்கள் மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனோடு அங்கே நின்ற பத்துப் பேர். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை மட்டும் ஆறாவது நாள் உயிரோடு எடுத்தார்கள். அவரும் டெல்லி மருத்துவமனையில் 11-ஆம் தேதி இறந்துபோனார். அந்த உயரத்தில் வெறும் கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பனிப்பிளவில் ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் இழுத்து நிறுத்தவேண்டும் என்று இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பின் கரி மூக்கிலும் சளியிலும் படியும். மாதக்கணக்கில் குளியல் கிடையாது. இந்த வேலையை உங்கள் நண்பன் தினமும் செய்திருக்கிறான். உங்கள் இரண்டு பக்கத்தில் இதில் ஒரு வரி உண்டா? அவன் இறந்தது ஒரு நாள். அதற்கு முன்னால் எத்தனை நாள் உயிரோடு நின்றான்!

பல வருடம் முன்பு இப்படி ஒரு கூட்டத்தில் நானும் மேடையில் இருந்தேன். இறந்த பையனின் அப்பாவுக்குச் சால்வை போட்டு உட்காரவைத்தார்கள், அவரிடம் மைக் போகவே இல்லை. கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பையன் லீவுக்கு வந்தால் என்ன செய்வான் என்று கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் நிறுத்தவே இல்லை. நீலகிரியில் இருக்கும் வெலிங்டனில் டிரெயினிங் முடித்து வந்த முதல் லீவில், வெள்ளை பெயிண்டில் நம்பரும் பெயரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தானாம், அதை ஊர் பார்க்கவேண்டும் என்று. வீட்டில் எல்லோருக்கும் சப்பாத்தி போட்டானாம், ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. தங்கையைச் சத்தம்போட்டுப் படிக்கச் சொல்லி இந்தி உச்சரிப்பைத் திருத்தினானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அழுதார். கடைசியில், "அவன் செத்ததைத்தான் எல்லாரும் கேட்டாங்க சார், அவனை யாரும் கேக்கல" என்றார்.

அதனால் உங்கள் நண்பனின் அம்மாவைப் பார்த்து "நீங்கள் பெருமைப்பட வேண்டும்" என்று மட்டும் மேடையில் சொல்லிவிடாதீர்கள். பெருமைப்படுவதா, அழுவதா, அரசாங்கத்தைத் திட்டுவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். கூட்டத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போங்கள். அவன் எப்போது போன் பண்ணுவான், என்ன பொய் சொல்வான் ("இங்க குளிரே இல்லம்மா" என்பதுபோல ஒன்று நிச்சயம் இருக்கும்) என்று கேளுங்கள். அவனோடு ஒரே கூடாரத்தில் இருந்த பையன்களின் நம்பர் அவரிடம் இருக்கும். இப்போதே பேசுங்கள். அவர்கள் வேறு வேறு யூனிட்டுக்குப் போய்விட்டால் அப்புறம் பிடிக்க முடியாது.

போர் தேவையா இல்லையா என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள், வேறொரு நாள் பேசலாம்.

திருப்பி எழுதியதும் முதலில் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்பதை அடித்துவிடுங்கள். மிச்சத்தை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்