கட்டிக்குள்ளேயே ஊசி போடுவது ஏன்?

கேள்வி: சைட்டோகைன் என்ற புரதத்தைப் புற்றுநோய்க் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்துகிறார்கள் என்று படித்தேன். மற்ற மருந்துகளைப் போல நரம்பு வழியாக ஏற்றினால் ஆகாதா?

பதில்: ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அதில் கிடைத்த அனுபவம்தான் கட்டியின் பக்கம் திருப்பியது. நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும் சின்னப் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். பெருகு, இங்கே வா, தாக்கு, போதும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. உடம்பு இவற்றைப் பெரும்பாலும் தேவைப்படும் இடத்தில் மட்டும், கொஞ்சமாகச் சுரக்கும். அதையே ரத்தத்தில் அள்ளிக் கொட்டினால் உடம்பு முழுக்கப் போர் மூண்ட மாதிரிதான்: கடும் காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நுரையீரலில் சேர்வது.

இன்டர்லூக்கின்-2 என்ற சைட்டோகைன் அமெரிக்காவில் 1992-ல் பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும், 1998-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கும் அனுமதி பெற்றது. கொஞ்சம் பேருக்கு, ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான், கட்டி முழுசாக மறைந்து பல வருடங்கள் திரும்பவே இல்லை. இன்டர்லூக்கின்-12 இன்னும் வீரியமானது. 1990-களில் நடந்த ஒரு பரிசோதனையில் 17 பேருக்குக் கொடுத்து, 12 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகி, 2 பேர் இறந்தே போனார்கள். அவ்வளவு பலமுள்ள மருந்தைக் கைவிடவும் மனசு வராது, ரத்தத்தில் கலக்கவும் துணிய முடியாது என்ற நிலையில், கட்டிக்குள் போடுவது நியாயமான யோசனை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எதைத் தாக்க வேண்டும் என்று டி செல்களுக்கு (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) காட்டும் அடையாளங்கள் எல்லாம் கட்டியிலேயே இருக்கின்றன, அங்கே வைத்து அந்தச் செல்களை உசுப்பிவிட்டால், பழகிய செல்கள் ஊசி படாத மற்றக் கட்டிகளையும் தேடிப்போய்த் தாக்கக்கூடும். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை.

சிக்கல் என்னவென்றால், புரதம் சின்னது, குத்திய இடத்தில் நிற்காமல் சீக்கிரமே ரத்தத்துக்குக் கசிந்துவிடும். அதனால் கட்டியில் உள்ள கொலாஜன் நாரைப் பிடித்துக்கொள்ளும்படி அதன் வடிவத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். புரதத்துக்குப் பதிலாக அதன் மரபணுவையே வைரஸில் ஏற்றிச் செலுத்தி, கட்டிச் செல்களே அந்தப் புரதத்தைத் தயாரிக்கும்படி செய்வது இன்னொரு வழி. 2015-ல் அமெரிக்கா அனுமதித்த டி-வெக் அப்படிப்பட்டது: மாற்றியமைத்த ஹெர்பீஸ் வைரஸ், உள்ளே ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற சைட்டோகைனின் மரபணு. மெலனோமா நோயாளிகளிடம் 6 மாதமாவது நீடித்த பலன் 100-க்கு 16 பேருக்குக் கிடைத்தது. அதே புரதத்தை வெறுமனே தோலுக்கு அடியில் போட்டுக்கொண்டவர்களில் 100-க்கு 2 பேருக்குத்தான். வைரஸும் தன் பங்குக்குச் செல்களைக் கொல்கிறது என்பதால் வித்தியாசம் முழுவதையும் புரதத்தின் கணக்கில் எழுத முடியாது.

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. இந்த ஊசி போடலாமா?

பதில்: உங்கள் பதற்றம் புரிகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். கல்லீரலுக்குப் பரவிய குடல் புற்றுநோய்க்கு இது இன்னும் கிளினிக்கல் ட்ரையல் அளவில்தான் இருக்கிறது. ஊசி எளிதாக எட்டும் தோல், நிணநீர்க் கணுக் கட்டிகளில்தான் இது முன்னேறியிருக்கிறது. ட்ரையலுக்கு வெளியே போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள், நடக்கிற கீமோவையும் அதற்காக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், உங்கள் மருத்துவரிடம் ஒன்று கட்டாயம் கேளுங்கள்: கட்டியில் எம்எஸ்ஐ பரிசோதனை (செல்களின் டிஎன்ஏ பிழை திருத்தும் வேலை கெட்டிருக்கிறதா என்று காட்டுவது) செய்தாயிற்றா? பரவிய குடல் புற்றுநோயில் 100-க்கு 5 பேர் அளவுக்குத்தான் அது பாசிட்டிவ்வாக வரும். ஆனால் வந்தால், நரம்பு வழியாக ஏற்றும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற, நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் மருந்து கீமோவைவிட நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம், அதற்கு ட்ரையலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.