நீரில் கரையும் மருந்து நுண்கோளத்துக்குள் ஏன் தங்குவதில்லை?

கேள்வி: நீரில் கரையும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) மருந்தை பிஎல்ஜிஏ (PLGA, உடலில் மெல்லச் சிதையும் பாலிமர்) நுண்கோளங்களில் அடைக்கிறேன். கோளங்கள் நன்றாக வருகின்றன, ஆனால் மருந்தில் பாதிகூட உள்ளே இல்லை. எங்கே போகிறது?

கோளங்களுக்கு வெளியே உள்ள பிவிஏ நீருக்குத்தான் போகிறது (பிவிஏ என்பது பாலிவினைல் ஆல்கஹால், துளிகள் ஒன்றுசேராமல் காப்பது). வடிகட்டியபின் கீழே ஊற்றிவிடும் அந்த நீரை ஒருமுறை அளந்து பாருங்கள், கணக்கு சரியாகிவிடும். பாலிமரைக் கரைக்கும் கரைப்பானான டைகுளோரோமீத்தேன் வெளியேறி பாலிமர் இறுகும் வரை கோளத்தின் சுவர் கூழாகத்தான் இருக்கும். நீரை விரும்பும் மருந்து, சுவர் இறுகும் முன்பே வெளியே நழுவிவிடுகிறது.

இதே சிக்கலை ஜப்பானின் டகேடா நிறுவனம் லூப்ரோலைடு என்ற பெப்டைடு ஊசி மருந்தில் எதிர்கொண்டது. 1989-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, மாதம் ஒருமுறை போடும் லூப்ரான் டிப்போ அதன் பலன். மருந்தை ஜெலட்டினோடு மிகக் குறைந்த நீரில் கரைத்து, பாலிமர் கரைசலுக்குள் பால்மமாக்கி (நுண்துளிகளாகக் கலக்கி), குளிர்வித்துக் கெட்டியாக்கிய பிறகே பிவிஏ நீரில் ஊற்றினார்கள். உள்துளிகள் கெட்டியாகிவிட்டால் மருந்து அசைவது கடினம். ஆகவே மருந்துநீரைப் பாலிமர் கரைசலுக்குள் கலக்கும் இந்த முதல் பால்மத்தில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். பலர் பிவிஏ நீரில் ஊற்றிக் கலக்கும் இரண்டாவது கலக்கலின் வேகத்தையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். அது பெரும்பாலும் கோளத்தின் அளவைத்தான் மாற்றும்.

முனையில் அமிலத் தொகுதி உள்ள பிஎல்ஜிஏ கிடைக்கிறதா பாருங்கள். லூப்ரோலைடு போல நேர்மின்னூட்டமுள்ள பெப்டைடை அது பிடித்து வைக்கும். வெளிநீரில் கொஞ்சம் உப்பு சேர்ப்பதும் உதவும், ஊடுபரவல் அழுத்தம் சமனாகி வெளிநீர் உள்ளே புகுவது குறையும்.

பிவிஏ-யைக் கொதிக்கும் நீரில் கொட்டாதீர்கள், கட்டி கட்டியாகி மணிக்கணக்கில் கரையாது. குளிர்ந்த நீரில் தூவி, கலக்கிக்கொண்டே 80–90 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். டைகுளோரோமீத்தேன் சுமார் 40 டிகிரியிலேயே கொதிப்பது. வேலையை, ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள் (fume hood) வைத்துக்கொள்ளுங்கள்.

உலர்த்த அடுப்பு வேண்டாம். பிஎல்ஜிஏ 45–50 டிகிரியை நெருங்கினாலே இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஈரம் இருந்தால் இன்னும் சீக்கிரம். உறைய வைத்து உலர்த்துவதே சரி.

அப்புறம், காய்ந்த கோளங்களை பாஸ்பேட் தாங்கல் கரைசலில் 37 டிகிரியில் போட்டு முதல் 24 மணி நேர வெளியீட்டைப் பாருங்கள். அது அதிகமாக இருந்தால், நீங்கள் ‘உள்ளே’ என்று கணக்கிட்ட மருந்திலும் ஒரு பகுதி மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கிறது.